வாயை வாடகைக்கு எடுத்த கதை

என் கையெழுத்தைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழையும் இருக்கும். ஆனால் இதே கையெழுத்துதான் என்னை விமானம் ஏற்றியது. அதனால் அதை ரொம்பவும் திட்ட மனம் வரவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் ரிக் வண்டியில் டிரில்லர். ஊரெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட்டேன். எங்கள் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்தில் மட்டும் கிணறு இல்லை. அதற்குத்தான் அரபு நாட்டு வேலைக்கு ஆசைப்பட்டேன். பாலைவனத்துக்குள் எங்கோ இருக்கும் பேரீச்சந்தோட்டத்தில் கிணறு போட இரண்டு வருட விசா கொடுக்கிறார்கள், அந்தத் தோட்டத்து முதலாளியிடம் இருக்கும் நம்ம பக்கத்து மேனேஜர் புதுச்சத்திரத்துக்கு வந்து ஆள் எடுக்கிறார் என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் தன்னைப் பற்றித் தானே பேசுவது கூச்சமான காரியம். பெண் பார்க்கப் போனால்கூட மாப்பிள்ளை வாய் திறக்கமாட்டான், கூட வந்தவர்தான் பேசுவார். அந்தப் பழக்கத்தில் நானும் என் மனைவியின் தம்பியைக் கூட்டிப்போனேன். எடப்பாடியில் தறி ஓட்டுகிறவன். பஸ்ஸிலேயே ரிக் வேலையைப் பற்றி எல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

ரைஸ்மில் களத்தில் மேசை போட்டு மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

"துளை போடற கம்பி உள்ள மாட்டிக்கிட்டா என்ன செய்வீங்க?"

நான் தலையைக் குனிந்தேன். மச்சினன் முன்னால் வந்தான். "கம்ப்ரெசர் காத்தை நிறுத்தவே கூடாதுங்க. மெல்லச் சுத்திக்கிட்டே மேல இழுக்கோணுங்க." கல் பொடியின் நிறம், துளைக்குள் சுத்தியல் அடிக்கும் சத்தம் என்று அரைமணி நேரம் பொழிந்தான். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மேனேஜர் அவன் பெயரை எழுதிக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால் இரண்டு பேரையும் துரத்திவிடுவார் என்று பயந்து பேசாமல் வந்துவிட்டோம். வீட்டில் என் மனைவி சிரித்தாள். "வாயை வாடகைக்கு எடுத்துட்டுப் போனீங்க. விசா வாய்க்குத்தானுங்க கெடைக்கும்!"

பாஸ்போர்ட் வருவதற்குள் அவனுக்கு ரிக்கில் வேலை பழக்கினேன். முதல் நாளே கல் பொடியில் குளித்து, விபூதி பூசிய சாமியார் மாதிரி நின்றான். "மாமா, தறியில பஞ்சுதான் பறக்கும். இது மலையே பறக்குது!"

போனான். பிறகு கடிதம் வர ஆரம்பித்தது. "மாமா, கம்பி மாட்டிக்கிச்சு, என்ன பண்ண?" நான் படம் போட்டுப் பதில் எழுதுவேன். அது போய்ச் சேர இரண்டு வாரம். அதுவரை கம்பி காத்திருக்குமா? ஆனால் அடுத்த முறை மாட்டும்போது உதவியது. இப்படித் தபாலிலேயே பாலைவனத்தில் ரிக் ஓட்டினேன்.

இரண்டு வருடம் முடித்து அவன் வந்தபோது, மேனேஜரும் மறுபடி ஆள் எடுக்க வந்தார். மச்சினன் களத்து வாசலிலேயே நின்றுகொண்டான். "இந்தத் தடவ நான் வாயத் தெறக்கமாட்டேன் மாமா. நீங்களே போங்க."

மேனேஜர் அதே கேள்வியைக் கேட்டார். நாக்கு ஒட்டிக்கொண்டது. இந்த முறையும் நிலம் காய்ந்துதான் கிடக்கும் என்று நினைத்தேன். வேறு வழி தெரியாமல் அவர் பேனாவை வாங்கி, படம் போட்டு, பக்கத்தில் இரண்டு வரி எழுதி நீட்டினேன்.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "இந்தக் கோழிக் கிறுக்கல் உங்களுதா? அங்க ரிக் கதவுல ஒட்டி வெச்சிருக்கோமுங்க. இதப் பார்த்துத்தான் எல்லாரும் வேலை செய்யறாங்க!"

விசா கிடைத்தது. போய்ப் பார்த்தேன், நிஜமாகவே ஒட்டியிருந்தது.

திரும்பி வந்ததும் எங்கள் நிலத்தில் நானே துளை போட்டேன். தண்ணீர் பீறிட்டது. தேங்காய் உடைத்ததும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மச்சினனைப் பேசவிட்டேன். அன்று யாரும் விசா கொடுக்கவில்லை, அதனால் பயமில்லை.

எழுதி முடித்தது: 1989, ஆடி பதினெட்டு.