மெஷினுக்குத் தெளித்த தீர்த்தம்

எங்கள் பள்ளிமுனை வீட்டில் பிள்ளைகளை விடச் செல்லமாக இருந்தது ஒரு மெஷின். தலைமன்னார் இறங்குதுறையில் வேலைபார்த்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது அப்பாவிடம் விட்டுப்போன சிறிய கடைசல் மெஷின் அது. காலால் மிதித்தால் இரும்பு சுழலும். உளியைக் கொடுத்தால் சீவல் சுருண்டு விழும். கிணற்றுக் கப்பிக்கும் சைக்கிளுக்கும் அச்சுக் கடைந்துதான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

நாங்கள் மழையில் நனைந்து வந்தால் துவாய் தேடித் திரிய வேண்டும். மெஷினுக்கோ தனித் துணி, தனி எண்ணெய். உளி ஏறி நகரும் இரண்டு இரும்புத் தடங்களை அப்பா தண்டவாளம் என்பார். கடற்காற்றின் உப்புக்கு அது ஒரே இரவில் துருப்பிடித்துவிடும். துருப்பிடித்தால் உளி இடறும், வேலை பிழையாகும். ஆகவே பொழுதுபட்டதும் எண்ணெய்த் துணியால் அதைத் துடைப்பது என் பொறுப்பு. ஈரக்கையோடு தொட்டதற்காக ஒருமுறை என் காதையும் திருகியிருக்கிறார்.

ஒரு வருடம் மெஷினிலிருந்து தெறித்த சீவல் ஒன்று அப்பாவின் இடக்கண்ணைக் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு மிதிபலகைச் சத்தம் கேட்டாலே அம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்து மெஷின் இருந்த கொட்டில் வாசலில் நிற்பார். சோறு பலநாள் அடிப்பிடித்தது. மெஷினை விற்கச் சொல்லி அழுதும் பார்த்தார். விற்றால் எதைத் தின்பது என்று அப்பா கேட்கவில்லை. அது அம்மாவுக்கும் தெரியும்.

பாஸ்காத் திருநாள் கழிந்து கோயில் சுவாமியார் தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க வந்தார். அறைகளுக்கெல்லாம் தெளித்து முடிந்ததும் அம்மா அவரைக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார்.

“சுவாமி, இதுக்கும் தெளியுங்கோ. இதிலயிருந்துதான் தெறிச்சது. கொஞ்சம் வடிவாத் தெளியுங்கோ.”

சுவாமியார் தாராள மனசுக்காரர். மந்திரித்த உப்புக் கலந்த தீர்த்தத்தைத் தண்டவாளம் நெடுகிலும் தெளித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நான் துணியை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தீர்த்தத்தை ஆரும் துடைக்கிறதே? அது தானாக் காயவேணும்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். வீடு இரண்டுபடப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

“விடு பிள்ளை,” என்றார் அப்பா. அவ்வளவுதான்.

மத்தியானம் அம்மா கொட்டில் வாசலிலேயே பாயைப் போட்டுப் படுத்தவர் அப்படியே அயர்ந்துவிட்டார். அச்சுக் கொண்டுவந்தவரை அப்பா தெருப் படலையிலேயே மறித்து, நாளைக்கு வரச் சொல்லித் திருப்பினார். முற்றத்துக் காகத்தைக்கூடச் சத்தமில்லாமல் கைவீசி விரட்டினார். நான் எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

“அம்மா நித்திரைதானே அப்பா, இப்ப துடைக்கட்டோ?”

“எழும்பினதும் முதல் அதைத்தான் பார்ப்பா. கிடக்கட்டும்.”

விளக்கு வைத்த பிறகும் அம்மா எழும்பவில்லை. யாரும் எழுப்பவுமில்லை.

விடிந்து பார்த்தால் தண்டவாளம் முழுக்கச் செம்புள்ளிகள். நான் அழுதேவிட்டேன். அப்பா எண்ணெய் விட்டுப் பொறுமையாகத் தேய்த்தார். ஒரு புள்ளி மட்டும் உள்ளே அரித்திருந்தது. அந்த மெஷின் எங்களிடம் இருந்த காலம் முழுவதும் உளி அந்த இடத்தில் இடறியது. அப்பா அங்கே வரும்போது கையைத் தளர்த்திக் கடத்திவிடுவார், ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

எங்கள் அப்பா அம்மாவுக்குப் பயந்தவர் என்று சினேகிதிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவருடைய கண் போனதிலிருந்து அம்மா ஒரு இரவுகூட உறங்கவில்லை என்பதும், பக்கத்தில் படுத்திருந்த அவருக்கு மட்டும் அது தெரிந்திருந்தது என்பதும் எனக்கு அப்போது தெரியாது.