அத்தையின் பியட்டும் ‘தெகெதிடி’யும்

எங்கள் அத்தை உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அப்பாவுக்கு அக்கா அவள். சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டேதான் சாப்பிடுவாள். “கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்தவங்க” என்று அம்மா முணுமுணுப்பாள். அந்தச் சக்கரத்தில் ஒன்று எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. இன்றைக்கும் ஆபீஸ் மீட்டிங் கொஞ்சம் நீண்டால் போதும், எனக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும்.

மாமா, அதாவது அத்தையின் கணவர், நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட்ட பிறகு அத்தை காக்ஸ் டவுனில் எங்கள் வாடகை வீட்டுக்கே வந்துவிட்டாள். கூடவே மாமாவின் பழைய பியட் காரும் வந்தது. வெளியே வெள்ளை, உள்ளே நல்ல செம்பருத்திச் சிவப்பு. தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு காம்பவுண்டில் மழையும் வெயிலும் வாங்கிக்கொண்டு நின்றது. தெருப்பூனைகள் அதற்குள் குட்டி போட்டுப் பெரிதாக்கி அனுப்பின.

நான் நாலாவது முடித்த கோடை விடுமுறையில், டீச்சராக இருந்த அத்தைக்கு ஆனேக்கல் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது. தினமும் பஸ்ஸில் அல்லாடுவதில்லை, அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு போகிறேன் என்று அறிவித்துவிட்டாள். “தனியாவாக்கா?” என்று அப்பா கேட்டார். “எதுக்குத் தனியா? காரோட போறேன்” என்றாள் அத்தை. கார் ஓடுகிற நிலைக்கு வந்தால்தான் தானும் கிளம்புவாளாம். விட்டுவிட்டுப் போனால் அடுத்த மாதமே யாராவது அதில் கோழியை அடைத்துவிடுவார்கள் என்பது அவள் கட்சி.

எஞ்சின் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. பாக்கி இருந்தது கதவுகளின் உள்பக்கம்தான். கதவுக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, ரெக்சினுக்குப் பின்னாலிருந்த அட்டை டீயில் முக்கிய பன் மாதிரி உப்பிப் போயிருந்தது. மேலேயிருந்த சிவப்பு ரெக்சின் மட்டும் கெட்டுப்போகவில்லை. அட்டையையும் ரெக்சினையும் சேர்த்துப் புதிதாகவே போட்டுவிடலாம் என்றார் கார் சீட் தைக்கிற குஷன் கடைக்காரர். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

“புதுசு போட்டா அது டாக்ஸி. எங்க வண்டி இல்ல.”

அவள் சொல்லாமல் விட்ட காரணம் ஒன்று இருந்தது. சதா அவள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்ததால் எனக்கு அது தெரியும். டிரைவர் பக்கத்துக் கதவின் மேல் ஓரத்தில் ரெக்சினின் கோடுகள் அழிந்து வழவழவென்று ஒரு இடம். மாமா முழங்கையை வைத்து வைத்துத் தேய்ந்தது. காரைக் கடந்து போகும்போதெல்லாம் அத்தை ஜன்னல் வழியே கையை விட்டு, தூசி துடைப்பதுபோல அந்த இடத்தைத் தடவிவிட்டுப் போவாள்.

கடைசியில் குஷன் கடைக்காரர் இறங்கி வந்தார். பழைய ரெக்சினை நாங்களே உரித்துச் சுத்தம் செய்து வைத்துவிட வேண்டும். அவர் புது அட்டை வெட்டிவந்து அதன்மேல் ஒட்டித் தருவார். ஆனால் உரித்த ரெக்சினை நாள் கணக்கில் போட்டுவைத்தால் சுருங்கிவிடும், அப்புறம் கதவுக்கு எட்டாது என்று எச்சரித்தார். போதாதா அத்தைக்கு? வீடே பறக்க ஆரம்பித்தது.

வெந்நீரில் துண்டைப் பிழிந்து ரெக்சின்மேல் போடுவோம். சூடேறியதும் அத்தை முனை மழுங்கிய கத்தியை அடியில் நுழைத்து மெல்ல நெம்புவாள். நான் மறுமுனையைப் பிடித்துக்கொள்வேன். “இழுக்காதடி! அதுவா வரட்டும்” என்று என்னை அதட்டிவிட்டு அவளே அவசரப்பட்டு இழுப்பாள். வந்ததை ஷாம்பு போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் கோடு கோடாகத் தேய்த்தோம். சாயங்காலமானால் வானம் இருட்டும். நானும் அத்தையும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ரெக்சினை உள்ளே தூக்கி ஓடுவோம். மழை பெய்யாது. மறுபடி வெளியே தூக்கி வருவோம்.

சித்தப்பா மட்டும் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடவில்லை. அப்பாவின் தம்பி, வாணியம்பாடியிலிருந்து கன்னடம் பேசுகிற இந்த ஊருக்குப் பிழைப்புக்கு வந்து, எங்களோடு தங்கி, வீடு வீடாகத் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தார். சின்னதிலேயே தாயை இழந்த அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தது அத்தைதான். சித்தப்பாவின் கன்னடம் எங்கள் வீட்டின் நித்தியத் தமாஷ். ஒரு கடைக்காரர் “ஹாலு பேகா” என்று பால் வேண்டுமா எனக் கேட்டாராம். “ஆளெல்லாம் வேணாங்க, கேனை நானே தூக்கிப்பேன்” என்று இவர் மார்தட்டினாராம். தினமும் இப்படி ஒன்று கொண்டுவந்து நடித்துக் காட்டுவார். அம்மாவுக்குப் புரையேறும்.

அப்படிப்பட்டவர், நாங்கள் உரிக்கும்போது கதவருகே நின்றுகொண்டு சம்பந்தமில்லாமல் கேட்பார்: “ஏங்க்கா, ஆனேக்கல்ல தண்ணி உப்பாமே?” கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பக்கம் பாம்பு ஜாஸ்தியாம்க்கா.” அத்தை நிமிராமல், “பாம்புக்கு நான் பாடம் நடத்துறேன், நீ தள்ளு, வெளிச்சத்தை மறைக்காத” என்பாள்.

நாலு கதவின் ரெக்சினும் உரித்து முடிந்த மறுநாள், அத்தை ஏதோ கையெழுத்துப் போடப் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். சார்ஜில் போட்டுவிட்டுப் போன அவள் செல்போன் அடித்தது. சித்தப்பா எடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“ஆங்… ஹளேதா… தெகெதிடியா? சரி சரி, தெகெதிடி.”

போனை வைத்துவிட்டு, “குஷன்காரரு. பழசையெல்லாம் எடுத்துடச் சொல்றாரு. புதுசே போட்டுடலாமாம்” என்றார். அத்தை திட்டுவாள் என்றேன். “அவங்க ரெண்டு பேரும் பேசிட்டாங்க. உனக்கென்ன தெரியும், சின்னக் கழுதை” என்றார். அந்நேரம் பார்த்துத் தெருவில் குஜரி வண்டி, பழைய சாமான் எடுக்கிற வண்டி, போய்க்கொண்டிருந்தது. சுத்தம் செய்து சுருட்டி வைத்திருந்த நாலு சிவப்பு ரெக்சினும் அதில் ஏறின. பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் மக் வந்தது. கொத்தமல்லிக் கட்டுக்கே நாலு தெரு பேரம் பேசுகிறவர், அன்று வாயைத் திறக்கவில்லை.

அத்தையும் அட்டைகளோடு குஷன் கடைக்காரரும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தார்கள். ரெக்சின் எங்கே என்று அவர் கேட்டார். அப்புறம்தான் விஷயம் உடைந்தது. ‘தெகெதிடி’ என்றால் கன்னடத்தில் எடுத்துப் பத்திரமாக வையுங்கள் என்று அர்த்தம். நம் தமிழ்க் காதுக்கு அது ‘எடுத்துடு’ என்றல்லவா விழுகிறது! வைக்கச் சொன்னதை இவர் ஒழிக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டாராம்.

“ஐயோ தம்பி, பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டீங்களா!” என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அத்தை கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். நான் பின்னால் ஓடினேன். சித்தப்பாவும் வந்தார்.

முனையிலிருந்த குஜரிக் கடையில், அன்றைய சரக்கு ஒக்கலிபுரம் கோடவுனுக்குப் போய்விட்டது என்றார்கள். ஆட்டோ பிடித்தோம். சிக்னலுக்குச் சிக்னல் நின்றது. அத்தை தலையை வெளியே நீட்டி முன்னால் நின்ற பஸ்ஸையெல்லாம் முறைத்தாள். நடந்தே போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இறங்கி ஓடலாமா என்று கேட்டு ஒரு அதட்டல் வாங்கிக்கொண்டேன். சித்தப்பா தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோடவுனில் பிளாஸ்டிக்கும் டயரும் கிழிந்த மெத்தையுமாகக் கூரை வரைக்கும் குவிந்து கிடந்தது. காலையில் எத்தனையோ வண்டி கொட்டிவிட்டுப் போய்விட்டது, இதில் எங்கே போய்த் தேடுவது என்று அங்கிருந்தவர் கையை விரித்தார். அப்போது அத்தை உட்கார்ந்தாள். அங்கே கிடந்த ஒரு லாரி டயர்மேல், பட்டுப் புடவையாயிற்றே என்றுகூடப் பார்க்காமல், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பயமாகிவிட்டது. “எழுந்திரிங்க அத்த, வாங்க தேடலாம்” என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

“உங்க மாமா கை பட்ட எடம்னு அது ஒண்ணுதாண்டி இருந்துச்சு” என்றாள்.

சித்தப்பா அவளைப் பார்த்தார். அடுத்த நிமிடம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குவியல்மேல் ஏறிவிட்டார். ஏறிய வேகத்தில் கன்னடம் கொட்டியது. காக்ஸ் டவுன் வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எந்தப் பக்கம் கொட்டியது, அதற்கப்புறம் வந்த லோடு எது என்று கேள்விமேல் கேள்வி. கோடவுன்காரர் அலுத்துக்கொண்டதற்கு அவர் பாணியிலேயே பதில் சொல்லிச் சிரிக்கவைத்து, இரண்டு ஆட்களையும் கூடச் சேர்த்துக்கொண்டார். திக்கல் இல்லை, திணறல் இல்லை. நானும் ஏறிக் கைக்கு வந்ததையெல்லாம் இழுத்துப் போட்டேன். ஒரு மெத்தைக்கு அடியில் சிவப்பு தெரிந்தது. நாலும் கிடைத்தன. டிரைவர் பக்கத்து ரெக்சின் மூலையில் கொஞ்சம் கிழிந்திருந்தது, அவ்வளவுதான்.

சித்தப்பா அதை இரண்டு கையாலும் நீட்டினார். அத்தை வாங்கி, தேய்ந்த இடத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, “கன்னடம் நல்லாத்தாண்டா பேசுற” என்றாள்.

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். பாராட்டினால் வெட்கப்படுவார் போலிருக்கிறது என்று நினைத்தேன். குவியலில் நானும்தானே ஏறினேன், என்னை யாரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லையே என்று ஆட்டோவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையே எல்லோருக்கும் சொன்னாள்: “பாவம், அவனுக்கு பாஷை பிடிபடல. விடுங்க.” பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். அப்பா திட்ட வாயெடுத்தபோது குறுக்கே விழுந்து தடுத்தாள். என் நோட்டில் ஒரு கொம்பு விட்டுப்போனாலும் காதைத் திருகுகிறவள், இத்தனை பெரிய தப்புக்கு ஏன் இப்படி இளகினாள் என்பது எனக்கு விளங்கவேயில்லை.

குஷன் கடைக்காரர் மறுநாளே ஒட்டிக் கொடுத்தார். பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை கிளம்பினாள். மெயின் ரோடு வரை என்னைக் காரில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்ததால், நான் விடியும் முன்பே குளித்து முன்சீட்டில் ஏறிவிட்டேன். அப்பாவும் அம்மாவும் படியில் நின்றார்கள். சித்தப்பா டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து, ரெக்சினை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து மூடினார். சாவியைத் திருகாமல் அத்தை காத்திருந்தாள்.

“போதும்டா” என்றாள் மெதுவாக.

“இருங்க, சரியா உக்காந்திருக்கான்னு பாத்துக்கறேன்க்கா” என்று சித்தப்பா இன்னொரு முறை கதவைத் திறந்தார். புது அட்டை, பசை சரியாகக் காயவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு இத்தனை தடவையா திறந்து மூடுவது? பொறுக்க முடியாமல், “விடுங்க சித்தப்பா, நேரமாகுது!” என்று கத்தினேன்.