தனுஷ்கோடியின் செவலை

பாளையம்பட்டியில் என் மளிகைக் கடைக்கு எதிர்வீட்டில் குடியிருப்பவர் தனுஷ்கோடி. அருப்புக்கோட்டையில் பவர்லூம் தறி ஓட்டுகிறார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் சுவாதியைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவரும் அவர் நாய் செவலையும்தான். வீட்டுக்குள் அதுபோல ஒரு பிள்ளை கிடையாது. உட்கார் என்றால் உட்காரும், இரு என்றால் இருக்கும். தெருவில் இன்னொரு நாயைக் கண்டுவிட்டாலோ யார் பேச்சும் காதில் ஏறாது.

போன வாரம், அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா தெரசாளின் நாய் டாமியைக் கடித்து வைத்துவிட்டது. அந்தம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாப்பேன். தெருவுல அடங்கி நிக்கலைன்னா திருச்சுழிப் பக்கம் எந்தத் தோட்டத்துலயாச்சும் கொண்டுபோயி விட்டுரும்."

அன்றிலிருந்து மனுசனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. டீயை வாங்கிவந்து என் கடைத் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்து போவார். திரும்பி வந்து, "நான் குடிச்சேனா?" என்று என்னிடமே கேட்பார். காலையும் சாயங்காலமும் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தெருவில் ஒரே கூப்பாடு. "உக்காருடா செவல! உக்காரு!" தெருவே அதிரும். அவர் கத்தக் கத்த அதுவும் எகிறிக் குரைக்கும். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அட நிறுத்துங்கண்ணே! நீங்களும் சேந்து குலைக்கிறீகன்னுல்ல அது நெனைக்குது! தறி ஓடுறப்ப பக்கத்து ஆளுகிட்ட இப்படியா கத்துவீக?"

"அந்தச் சத்தத்துல கத்தி என்ன செய்ய? கையிலதான் பேசுவோம்."

"அப்ப இதுக்கும் கையிலயே சொல்லித் தொலைங்க!"

கோபத்தில் உளறினேன். அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கையைப் பார்க்க நாய் முதலில் திரும்ப வேண்டுமே! தெருக்கோடியில், மற்ற நாய்களிடமிருந்து தள்ளியே நின்றுகொண்டார். அது தற்செயலாக அவர் முகத்தைப் பார்த்தால் ஒரு துண்டு அவித்த முட்டை. உள்ளங்கையை உயர்த்தினால் உட்கார வேண்டும். பழகப் பழக மெல்ல நெருங்கி வந்தார். காலையில் கேட்டது சாயங்காலம் கேட்காது. அன்று அவரும் சாப்பிடமாட்டார். சனிக்கிழமைகூட கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சு முடிந்து வந்த தெரசாள் டாமியைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். டாமி குரைத்தது. செவலைக்கு முதுகு மயிர் சிலிர்த்தது. தனுஷ்கோடி வாயே திறக்கவில்லை.

செவலை திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது. அவர் கையை உயர்த்தினார். உட்கார்ந்துவிட்டது!

டாமி உறுமிக்கொண்டே கடந்துபோய்த் தன் வீட்டுக் கேட்டுக்குள் நுழைந்தது. தெரு காலி. ஆனால் அவர் கை இறங்கவில்லை.

"அதான் போயிருச்சேண்ணே, கைய எறக்குங்க."

"எறக்குனா இவன் போயிருவானே," என்றார். கண் நிறைந்துவிட்டது.

கேட்டைத் தாழ் போட்ட தெரசாள் திரும்பிப் பார்த்தார்.

"அவன் எங்கயும் போக வேணாம். எறக்கும்யா."

அவர் கையை இறக்கிவிட்டு, நாய்க்குப் பக்கத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.