நசீமாக்காவின் பரீட்சையும் நான் விட்ட நாலு பக்கமும்

அடுத்தவர் பரீட்சையை எழுதிக்கொடுப்பதைப் போல பயமான வேலை வேறு கிடையாது. விடை அவங்களுது, நடுக்கம் நம்மளுது. பார்வையில்லாதவர்களுக்கு எழுதப் போன எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும்.

என் ஆள் நசீமாக்கா. சொந்த ஊர் பேராவூரணி. தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. வரலாறு, கடைசி வருஷம். ஒரு பேப்பர் ரெண்டு தடவை போய்விட்டது. மூணாவது தடவையும் போனால் பி.எட். கிடையாது, ஊருக்கே வந்துவிட வேண்டும் என்று வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

தகுதி

எழுதிக்கொடுப்பவர் பரீட்சைக்காரரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. நான் பிளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டு, போதும் சாமி என்று படிப்பை நிறுத்தியவள். அப்பா கண்ணில் படாமல் அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்திருந்த மார்க் ஷீட்டை எடுத்துப்போய்க் கல்லூரி ஆபீசில் நீட்டினேன். கிளார்க் சார் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிரமாதம்மா, நல்லாவே பெயிலாகியிருக்க. ஜெராக்ஸ் ரெண்டு குடு" என்றார்.

கேசட்

அக்காவின் அண்ணன் சவுதியிலிருந்து அனுப்பிய டேப் ரெக்கார்டரில் பாடங்களை வாசித்துப் பதிவதும் என் வேலைதான். எனக்குப் பொறுமை கிடையாது. ஒரே வாக்கியத்தில் நாலு ராஜா வந்தால் எரிச்சலாக வரும்.

ஒருநாள் அக்கா ஒப்பித்துக் காட்டினாங்க. "இதன் மூன்றாவது நோக்கம், ஐயோ கொசு, விவசாயிகளுக்குப் பட்டா வழங்குதல்." நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "நீ சொல்றதைத்தான்டி நான் படிக்க முடியும். கொசுவுக்கு யாரு மார்க் போடுவா?"

தனி அறை

எங்களுக்குக் கொடுத்த இடம் கெமிஸ்ட்ரி லேபின் ஸ்டோர் ரூம். ஆசிட் நெடி. காவலுக்கு வந்த சார் நல்லவர்தான், ஆனால் எல்லாவற்றையும் என்னிடமே கேட்டார். "இவங்களுக்கு ஃபேன் போடலாமா? இவங்க தண்ணி குடிப்பாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாங்க: "குடிப்பேன் சார். டீ சொன்னாலும் குடிப்பேன்."

கட்டாயக் கேள்வி

வினாத்தாளில் கடைசிக் கேள்வி, இருபது மார்க், விடவும் முடியாது. ஜமீன்தாரி முறையின் விளைவுகள். நம்பாமல் மனசுக்குள் இன்னொரு தடவை வாசித்தேன். அந்தப் பாடத்தைப் பதிந்த அன்று பசி தாங்காமல் நாலு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, கமுக்கமாக இருந்துவிட்டேன். கேட்டிருப்பது அந்த நாலு பக்கத்தைத்தான். அப்புறம் மனசு உறுத்தி அதைத் தனியாக வாசித்திருந்ததால் விடை எனக்குத் தெரியும். ஆனால் முணுமுணுத்தாலே சார் ரெண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவார்.

அக்கா ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணினாங்க, ஒரு நிமிஷம். எனக்கு ஒரு வருஷம். அப்புறம், "எழுதுடி" என்று எட்டுப் பாயிண்ட்டை மளமளவென்று சொன்னாங்க. என் கையெழுத்துதான் கோணிக்கொண்டு போனது.

வெளியே வந்ததும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தாங்க. "ஜமீன்தார் நிலம் ஏலத்துக்குப் போச்சுன்னு ஆரம்பிச்சே, அதே மூச்சுல ரயில் ஓடிச்சுன்னு முடிச்சே. எனக்குத் தெரியாதா? அன்னைக்கே ஹாஸ்டல்ல ஒருத்தியைப் பிடிச்சு அந்த நாலு பக்கத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன். நீயா எப்ப சொல்லுவேன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அக்கா பாஸ். பி.எட்.டுக்கு அப்ளிகேஷனும் போட்டாச்சு. ஆகவே, என்னைப் போல எழுதப் போகிறவர்களே, நம்மை முழுசாக நம்பாத ஆளாகப் பார்த்து எழுதிக்கொடுங்கள், ரெண்டு பேருக்கும் நிம்மதி.