இழுத்துக்கொண்ட கால்

அரியலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நான் கால்நடை மருத்துவராக இருந்தபோது நடந்தது. கரும்பு டிராக்டர் இடித்த நாயை ஒரு பெண் ஆட்டோவில் கொண்டுவந்தார். முதுகு அசையக்கூடாது என்று அதைப் பலகையில் கிடத்திப் புடவையால் கட்டியிருந்தார். அன்று சரியாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

வெளியே ஆடுகளோடு ஆட்கள் தடுப்பூசிக்குக் காத்திருந்தார்கள். நான் அவசரமாக நாயின் பின்னங்கால் விரலைக் கிள்ளினேன். கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"உணர்ச்சி இருக்குங்க. நடந்துடும்" என்றேன்.

தண்டுவடம் நடுமுதுகில் அறுந்தாலும் கால் தானாக இழுத்துக்கொள்ளும். வலி மூளைக்குப் போகிறதா என்பது முகத்தில்தான் தெரியும். அழுத்திப் பிடிக்கும்போது திரும்பிப் பார்க்க வேண்டும், முனக வேண்டும், கடிக்க வர வேண்டும். படித்துத் தேறிய பாடம்தான். நான் முகத்தைப் பார்க்கவில்லை.

வலிக்கு ஊசி போட்டேன். புரட்டிப் படுக்கவைக்கவும், வயிற்றை அழுத்திச் சிறுநீர் எடுக்கவும் சொல்லிக்கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து நாயை மெல்லத் தூக்கி நிறுத்திப் பார்க்கச் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து, அந்தப் பெண்ணின் பக்கத்து வீட்டு மாட்டுக்குச் சினை பார்க்கப் போனபோது அவர் கூப்பிட்டார். நாய் சுத்தமாக இருந்தது. உடம்பில் ஒரு புண்கூட இல்லை.

"பருத்தி எடுக்கக்கூட போவலங்க. இத வுட்டுட்டு எங்க போறது?"

இந்த முறை இடுக்கியால் விரலெலும்பை அழுத்தினேன். கால் இழுத்துக்கொண்டது. நாய் ஒன்றும் அறியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படிங்க இருக்கு, டாக்டரம்மா?"

"இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

பத்து நாள் கழித்து அவர் தனியாகக் கால்நடை மருந்தகத்துக்கு வந்தார்.

"அது நடக்காதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"உங்க வீட்டுக்கு வந்தேனே, அன்னிக்கே. மொத நாளே தெரிஞ்சிருக்கணும். நான் சரியாப் பார்க்கல."

அவர் கோபப்படவில்லை. "மொதல்லயே சொல்லியிருந்தாலும் வச்சிக்கிட்டுதான் இருந்திருப்பேன். ஆனா தெனம் தூக்கி நிறுத்தினேங்க. வுழுந்துகிட்டே இருந்துச்சு. நிக்க மாட்டேங்குதேன்னு ஒருநாள் அடிச்சுட்டேன்."

அதன்பின் வாரம் ஒருமுறை நானே அவர் வீட்டுக்குப் போனேன். அடுத்த மழைக்காலத்தில் சிறுநீரகத்தில் சீழ் பிடித்து நாய் இறந்தது. அவர் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அந்த வாரம் போனபோதுதான், கொல்லையில் புதைத்த இடத்தைக் காட்டினார்.