எந்தக் காலனி?

செல்லக்கிளி வைத்த சாம்பாரை, சுரங்கத்துக் கேன்டீனில் ஷிஃப்டுக்கு வந்தவர்கள் வருஷக்கணக்காகத் தட்டை நீட்டி நீட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள். யாரும் அவளிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டதில்லை. பசித்தவனுக்கு அதெல்லாம் எதற்கு? பிறகு கேன்டீன் கான்ட்ராக்ட் கைமாறியது. புதிதாக எடுத்தவர் தன் ஆட்களோடு வந்து இறங்கினார். பழைய ஆட்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சமையல் தெரிந்தவளுக்கு வேலைக்கா பஞ்சம் என்றுதான் அவளும் நினைத்தாள். குறிஞ்சிப்பாடியில் ஓர் ஓட்டல், பண்ருட்டியில் ஒரு கல்யாண மண்டபம் என்று ஏறி இறங்கினாள். முதலில் எல்லாரும் சிரித்த முகமாகத்தான் பேசினார்கள். "என்னென்ன செய்வ?" என்பார்கள். அடுத்தது, "எந்த ஊரு?" அதற்கும் அடுத்தது, "ஊர்ல எங்க?" சாதியை நேராகக் கேட்பது மரியாதை இல்லையாம், அதனால் சுற்றி வளைத்துத் தெருவைக் கேட்கிறார்கள். என்ன ஒரு நாகரிகம்! "காலனிங்க" என்று அவள் சொன்னதும் முகம் மாறும். சமையலுக்கு ஆள் போட்டாச்சு, பாத்திரம் தேய்க்க வேண்டுமானால் வா என்பார்கள். பாத்திரம் தேய்ப்பது கேவலமில்லை. ஆனால் அவள் சமையல்காரி. அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

கடைசியில், சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு வெளியே கஸ்தூரியம்மாள் நடத்தும் மெஸ்ஸுக்குப் போனாள். கஸ்தூரியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவர் சுரங்கத்தில் பெர்மனென்ட். அவர் ரிட்டயர் ஆகும்வரை டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலேயே வாழ்ந்துவிட்டு, பிறகு வெளியே வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள்.

"வீடு எங்க?"

"காலனிங்கம்மா."

சொல்லிவிட்டு, எழுந்திருக்கத் தயாராகப் பையைக் கையில் எடுத்தாள் செல்லக்கிளி.

"அட, நம்ம காலனியா! எந்த பிளாக்கு? உன் வீட்டுக்காரர் பெர்மனென்டா, கான்ட்ராக்டா?"

டவுன்ஷிப்பையே காலனி என்று சொல்லிப் பழகிய வாய் அது. சுற்றுவட்டார ஊர்களிலோ, காலனி என்றால் ஊரைவிட்டுத் தள்ளி வைத்த தெரு. செல்லக்கிளி எடுத்த பையை மறுபடி கீழே வைத்தாள். "கான்ட்ராக்டுங்கம்மா" என்றாள். அது பொய்யில்லை. மீதியை அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், அவளுடைய தெருவிலிருந்து ஒரு வாரம் வேலை தேடிப் பார்க்கட்டும்.

அவள் வேலைக்குச் சேர்ந்ததும் மெஸ் களைகட்டியது. அவள் வைக்கும் கருவாட்டுக் குழம்புக்காகவே ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகாமல் தங்கினார்கள், மெஸ்ஸில் சாப்பிடும் வெளியூர்ப் பையன்கள். "என் கூடப் பொறந்த தங்கச்சி மாதிரி" என்று கஸ்தூரியம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அதைக் கேட்கும்போது அவளுக்குச் சந்தோஷமாகவும் இருக்கும்; குழம்பைக் கிளறுவதுபோல் முகத்தையும் திருப்பிக்கொள்வாள்.

ஒரு நாள் வழக்கமான காய்கறி வண்டி வராமல் வேணுவின் வண்டி வந்தது. வேணு அவளுடைய ஊர்க்காரன்தான், ஆனால் வீடு காலனியில் இல்லை, ஊர்த்தெருவில். அடுப்படியில் அவளைப் பார்த்ததும் கஸ்தூரியம்மாளிடம் கேட்டான்.

"இன்னாம்மா, எங்கூரு காலனி ஆளையா அடுப்பாண்ட வுட்டுகினு இருக்கீங்க?"

"எந்தக் காலனி? இவ டவுன்ஷிப்புல்ல?"

வேணு சிரித்த சிரிப்பிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

கஸ்தூரியம்மாள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. அன்பாகத்தான் பேசினார். "எனக்கு ஒண்ணுமில்ல செல்லக்கிளி. நாலு பேரு சாப்பிடுற எடம். நாளையிலேருந்து பாத்திரம் மட்டும் பாத்துக்கோயேன்."

"அப்ப இந்தக் கொழம்ப இன்னாம்மா பண்றது? கீழ ஊத்திடவா?"

மதியச் சாப்பாட்டுக்குப் பையன்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரியம்மாள் குழம்பைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "இன்னைக்கு ஒரு நாளைக்கு இருக்கட்டும்" என்றார்.

செல்லக்கிளிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் ஏறியபிறகு அழுகைதான் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஊர்வரைக்கும் அழுதாள்.

அந்த வாரக் கடைசியில் கஸ்தூரியம்மாளிடமிருந்து போன் வந்தது. பையன்கள் வேறு மெஸ் பார்க்கிறார்களாம். இதைப் பெரிய மனமாற்றம் என்று நான் சொல்லமாட்டேன். வியாபாரம் படுத்தால் யாருக்கும் கண் திறக்கும். ஆனாலும் தானாகக் கூப்பிட்டாரே, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"வந்துடு செல்லக்கிளி. எந்த ஊரு என்னன்னு யார்கிட்டயும் சொல்லிக்க வேண்டாம்."

"நானா போய் சொல்ல மாட்டேம்மா. கேட்டா சொல்லுவேன்."

"அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க."

"நீங்க கேட்டீங்களேம்மா."

செல்லக்கிளி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். இந்த வேலை அவளுக்கு வேண்டும், ரொம்பவும் வேண்டும். வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டோமோ என்று பயமாக இருந்தது.

"காலையில சீக்கிரமா வா" என்றார் கஸ்தூரியம்மாள்.

"சமைக்கத்தானேம்மா?"

"சமைக்கத்தான்."