காப்புக் கட்டியவள் மடியில் ஒரு பொட்டலம்

எழுபதுகளில், இலங்கையின் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஸ்டோர் வாசலில் பெண்களைச் சோதிக்கும் வேலை எனக்கு. தேயிலை அரைக்கிற தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். வேலை விட்டுப் போகிற ஒவ்வொருத்தியின் இடுப்பையும் மடியையும் தடவிப் பார்க்கவேண்டும், திருட்டுத் தேயிலைத் தூள் இல்லையென்றால்தான் வெளியே விடவேண்டும். அவளுக்கும் அவமானம், எனக்கும் அவமானம். ஆனால் மலையேறிக் கொழுந்தெடுக்க என் முழங்கால் விடாது. அந்த வாசலை விட்டால் எனக்குப் பிழைப்பில்லை.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்களை மட்டும் நான் தொடமாட்டேன். மஞ்சள் சேலையும் விரதமுமாக இருப்பவளை யார்தான் தொடுவார்கள்? கும்பிட்டு வழிவிடுவேன். எனக்கு முன்னால் அந்த வாசலில் நின்றவளும் அப்படித்தான் செய்தாள். அதுவரை ஒருவரும் ஏனென்று கேட்டதில்லை.

அந்த வருஷம் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த வீட்டுக்காரி காப்புக் கட்டியிருந்தாள். ஒரு சாயங்காலம் என் முன்னால் வந்து நின்றவள் நகரவேயில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

“என்னா தங்கச்சி நிக்கிற? போ, நேரமாகுது” என்றேன்.

பத்தடி போயிருப்பாள். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் பின்னாலிருந்து, “நில்லு!” என்று கத்தினார். அவள் மடியிலிருந்து தூள் பொட்டலத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

“நான்தான் குடுத்தனுப்புனேன். நீ ஒழுங்கா பாக்குறியான்னு தெரியணும்ல?” என்றார் என்னிடம்.

“காப்புக் கட்டுனவங்கய்யா. எப்படிங்க தொடுறது?”

“சாமி வேற, வேலை வேற. நாளைக்கே நீ மலைக்குப் போ.”

முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு மலையேறினேன். அடிக்கு ஒரு வசவு, எல்லாம் அவருக்குத்தான். என் கை எங்கே போகாது என்று தெரிந்துகொண்டே அங்கே பொட்டலத்தை வைத்தால் அதற்குப் பெயர் சோதனையா? குழி வெட்டிவிட்டு, விழுந்தவளுக்குக் கண் தெரியவில்லை என்கிறான் பாவி!

அடுத்த வீட்டுக்காரி மேலும் எனக்கு ஆத்திரம்தான். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றவளை உள்ளே கூப்பிடவில்லை.

“வாயத் தொறந்தா வேலையிலருந்து பேரு வெட்டிருவேன்னாருக்கா. அதான் பேசாம ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டே நின்னேன்” என்றாள்.

“சரி, பொட்டலத்த எப்படிக் குடுத்தாரு? கையிலயா?”

“இல்லக்கா. மேசையில வச்சிட்டுத் தள்ளி நின்னுக்கிட்டாரு. ‘காப்புக் கட்டியிருக்க, நான் ஒன்னத் தொடக்கூடாது, நீயே எடுத்துக்க’ன்னாரு.”